சுவருக்குள்ள பித்தளை ஃபிட்டிங்கா, பிளாஸ்டிக் ஃபிட்டிங்கா? ஆளுக்கு ஒண்ணு சொல்றாங்க

புதுவீடு_மேடவாக்கம்:

எல்லாருக்கும் வணக்கம். மேடவாக்கத்துல தரைத்தளமும் முதல் மாடியுமா வீடு கட்டிட்டு இருக்கோம். சுவர்ல காடி வெட்டியாச்சு, பூச்சுக்கு முன்னாடி பைப் ஓட்டணும். இந்த நேரத்துல மூணு பேர் மூணு விதமா சொல்றாங்க.

பிளம்பர்: முழுக்க சி.பி.வி.சி. (சூடு தாங்குற பிளாஸ்டிக் பைப்) போட்டுடலாம், குழாய் மாட்டுற மரை முனையும் பிளாஸ்டிக்கே போதும், பித்தளை வெச்சது வீண் செலவு. மேஸ்திரி: சுவருக்குள்ள போனா ஜி.ஐ. (துத்தநாகம் பூசின இரும்பு பைப்)தான், பிளாஸ்டிக்கை நம்பாதீங்க. ஹார்டுவேர் கடைக்காரர்: பச்சைத் தண்ணிக்கு யு.பி.வி.சி. (சூடு தாங்காத சாதா பிளாஸ்டிக் பைப்), சுடுதண்ணிக்கு மட்டும் சி.பி.வி.சி. வாங்குங்க, பில் குறையும்.

விவரம்: ரெண்டு பாத்ரூம், ரெண்டுலயும் வால் மிக்ஸரும் (சுடுதண்ணியும் பச்சைத் தண்ணியும் கலந்து தர்ற சுவர்க் குழாய்) 15 லிட்டர் கீசரும். ஒரு கிச்சன், ஒரு வாஷிங் மெஷின் பாயின்ட். மொட்டை மாடியில 1,000 லிட்டர் தொட்டி. பிறகு 200 லிட்டர் சோலார் வைக்கிற எண்ணம் இருக்கு. லிட்டருக்கு மில்லிகிராம் கணக்குல போர் தண்ணி டி.டி.எஸ். (கரைஞ்சிருக்கிற மொத்த உப்பு) 1,650, லேப் ரிப்போர்ட்ல குளோரைடு 620, கடினத்தன்மை 540. எங்கே பிளாஸ்டிக், எங்கே உலோகம்னு இடம் இடமா சொன்னா உதவியா இருக்கும்.

---

சைட்_இன்ஜினியர்_கோவை:

மூணு பேர் சொல்றதுலயும் பாதி பாதி சரி. வீடு முழுக்க ஒரே பதில் தேடாதீங்க. பசை போட்டு ஒட்டுற இடம், மரையில முறுக்குற இடம், சூடு படுற இடம்னு பிரிச்சுப் பார்த்தா தன்னால விடை வந்துடும்.

அழுத்தத்தைப் பத்தின பயத்தை முதல்ல ஒதுக்கி வைங்க. 10 மீட்டர் உயரத்துக்கு ஏறக்குறைய 1 பார். தொட்டியோட அடி மொட்டை மாடியில இருந்து ஒன்றரை மீட்டர் உயரத்துல இருந்தா, முதல் மாடி ஷவருக்குக் கிடைக்கிறது கால் பார் பக்கம்தான். தரைத்தளக் குழாய்க்கு 0.7 பார் வரும். எஸ்.டி.ஆர். 11 (வெளிவிட்டம் சுவர் கனத்தைப் போல 11 மடங்கு) சி.பி.வி.சி. பைப், சாதாரணத் தண்ணியில சதுர செ.மீ.க்கு 28 கிலோவும் 82 டிகிரி சூட்டுல 7 கிலோவும் தாங்குற மாதிரி செய்யறாங்க. பிரஷர் பம்ப் வெச்சாக்கூட 2, 3 பார்தான் ஏறும். ஆக, தண்ணி அழுத்தி வீட்டு பைப் உடையறது அபூர்வம். ரெஞ்ச் போட்டு முறுக்குறப்பதான் உடையுது.

அதனாலதான் பிளாஸ்டிக்ல பெண் மரை (உள்பக்கம் வெட்டின மரை; வெளிப்பக்கம் வெட்டினது ஆண் மரை) கூடாதுன்னு சொல்றது. ஆங்கிள் காக், நிப்பிள் (ரெண்டு முனையிலும் மரை வெச்ச குட்டை பைப்) மாதிரி உலோக ஆண் மரை உள்ளே போகப் போக, மேல சுத்தின டேப்பும் சேர்ந்து ஆப்பு அடிச்ச மாதிரி வெளிப்பக்கம் தள்ளும். பிளாஸ்டிக் அன்னிக்கே உடையாது. டெஸ்ட்டும் பாஸாகும், டைல்ஸும் ஒட்டிடுவாங்க. மாசக்கணக்குல அந்த இழுவிசையிலேயே இருந்து, நெடுக்குவாட்டுல மயிரிழை விரிசல் விடும். அதுக்குள்ள சுவரோட மறுபக்கம் பெயின்ட் உப்பி நிக்கும். பிளாஸ்டிக்ல மரை வேணும்னா அது ஆண் மரையா இருக்கணும், உலோகப் பெண் மரைக்குள்ள போகணும். அந்தப் பக்கம் ஆபத்து குறைவு, ஏன்னா இறுக்க இறுக்க பிளாஸ்டிக் அமுங்குமே தவிர விரியாது.

உங்க வீட்டு மரை முனைகளை எண்ணிப் பாருங்க. பாத்ரூமுக்கு வால் மிக்ஸர் 2, ஷவர் 1, கீசர் 2, வாஷ் பேசின் 2, ஃபிளஷ் டேங்க் 1, ஹெல்த் ஃபாசெட் 1, ஆக 9. ரெண்டு பாத்ரூமுக்கு 18. கிச்சன் சிங்க் 2, ஆர்.ஓ. 1, வாஷிங் மெஷின் 1. மொத்தம் 22. இந்த 22 இடத்துல மட்டும் பித்தளை மரை வெச்ச எல்போவோ டீயோ போடுங்க. நடுவுல வர்ற எல்போ, டீ, கப்ளர் எல்லாம் முழு பிளாஸ்டிக்கா இருக்கட்டும். உங்க பிளம்பர் மிச்சம் பிடிக்கச் சொல்ற தொகை இந்த 22 துண்டோட விலை வித்தியாசம்தான். ஒரு சுவரை உடைச்சு, டைல்ஸ் மாத்தி, திரும்பப் பெயின்ட் அடிக்கிற செலவோட வெச்சுப் பார்த்துக்கோங்க.

கடைக்காரர் யோசனையில ஒரு கோளாறு இருக்கு. பாத்ரூமுக்குள்ள பச்சைத் தண்ணி லைன்லயும் சுடுதண்ணி வரும். மிக்ஸர்ல ரெண்டு பக்கமும் திறந்திருந்து, முனையில ஹேண்ட் ஷவர் மட்டும் மூடியிருந்தா, கீசர் தண்ணி மிக்ஸர் வழியா பச்சைத் தண்ணி பைப்புக்குள்ள ஏறும். கீசருக்குத் தண்ணி போற வழியில நான்-ரிட்டர்ன் வால்வ் (தண்ணியைத் திரும்ப விடாதது) இல்லைன்னா, இல்ல அது அடைச்சுட்டா, சூடு அங்கேயும் பின்னால வரும். யு.பி.வி.சி. 45 டிகிரிக்கு மேல வலு இழக்க ஆரம்பிச்சுடும்; 60ல தொய்ஞ்சு போகும். அதனால பாத்ரூம், கிச்சன் உள்ளே ரெண்டு லைனுமே சி.பி.வி.சி. மாடித் தொட்டியில இருந்து இறங்குற வெளி லைன் மட்டும் யு.பி.வி.சி. போடலாம்.

இன்னொரு விஷயத்தைப் பல பேர் கவனிக்கிறதில்லை. அரை இஞ்ச் ஜி.ஐ.யும் அரை இஞ்ச் சி.பி.வி.சி.யும் ஒரே துவாரம் கிடையாது. ஜி.ஐ. உள்விட்டம் 16 மி.மீ. பக்கம். சி.பி.வி.சி. வெளிவிட்டமே 15.9 மி.மீ.தான், உள்ளே 12.4 மி.மீ. பக்கம் வரும். பரப்புல கணக்குப் போட்டா ஜி.ஐ.யில 60 சதவீதம்தான். கால் பார் அழுத்தத்துல ஓடுற முதல் மாடிக்கு இது நேரா ஷவர்ல தெரியும். தொட்டியில இருந்து இறங்குறது ஒண்ணேகால் இஞ்ச், பாத்ரூமுக்குப் பிரியறது ஒரு இஞ்ச், பாத்ரூமுக்குள்ள சுத்துறது முக்கால் இஞ்ச், கடைசி முனையில மட்டும் முக்காலுக்கு அரை பித்தளை எல்போ. இப்படிக் குறைச்சுட்டே வாங்க.

---

பைப்லைன்_மதுரை:

சார் சொன்னது சரி. வேலை நடக்கும்போது பக்கத்துல நின்னு எதைப் பார்க்கணும்னு நான் சொல்றேன்.

பித்தளை ஃபிட்டிங் வாங்குறப்ப ரெண்டு ரகம் காட்டுவாய்ங்க. ஒண்ணுல பித்தளை வளையம் பிளாஸ்டிக்குக்கு உள்ளேயே புதைஞ்சிருக்கும், வெளியே தெரியாது. இன்னொண்ணுல பித்தளை வெளியே துருத்திக்கிட்டு ஆறு பட்டையா இருக்கும், ஸ்பேனர் பிடிக்கலாம். ரெண்டாவதைக் கேட்டு வாங்குங்க. முதல் ரகத்துல முறுக்கு முழுக்க பிளாஸ்டிக் மேல விழும். மட்டமான சரக்குல வளையமே தனியா சுத்தும். காந்தம் ஒண்ணைக் கையோட கொண்டு போங்க. ஒட்டுச்சுன்னா முலாம் பூசின இரும்பு, அங்கேயே வெச்சுட்டு வந்துருங்க. ஒட்டலைன்னா மரையோட ஓரத்துல லேசா அரம் போட்டுப் பாருங்க: உள்ளே மஞ்சளா இருந்தா பித்தளை, வெள்ளையா இருந்தா துத்தநாகக் கலவை.

பசை. சி.பி.வி.சி.க்கு மஞ்சக் கலர் சால்வென்ட், யு.பி.வி.சி.க்கு வேற டப்பா. யு.பி.வி.சி. பசையை எடுத்து சி.பி.வி.சி.ல போட்டா பச்சைத் தண்ணியில தாக்குப் பிடிக்கும், கீசர் போட்டதும் விடும். டப்பா ஜெல்லியா இறுகியிருந்தா தூக்கிப் போடணும். தின்னர் ஊத்திக் கலக்குற பழக்கம் சில பேருக்கு இருக்கு, விடாதீங்க.

பைப்பை நேரா வெட்டி, உள்ளே வெளியே பிசிறு எடுத்து, வெளி ஓரத்தை லேசா சரிக்கணும். வெயில்ல கிடந்த பைப்பை மொண்ணைக் கட்டர்ல வெட்டினா முனையில கண்ணுக்குத் தெரியாத கீறல் விழும். சந்தேகம்னா ரெண்டு இஞ்ச் தள்ளி ஹேக்சா பிளேடுல மறுபடி வெட்டுங்க. பசை போடாம செருகிப் பார்த்தா பாதி ஆழத்துலயாவது பிடிச்சு நிக்கணும். லொடலொடன்னு அடி வரைக்கும் போச்சுன்னா ஃபிட்டிங் வேற கம்பெனியா இருக்கும். பைப் மேல தாராளமா, ஃபிட்டிங்குக்குள்ள ஒரு மெல்லிய பூச்சு. உள்ளே நிறைய அப்பினா வழிஞ்சு குட்டையா தேங்கி பைப் சுவரையே இளக்கிரும். செருகி கால் சுற்று திருப்பி, அரை நிமிஷம் அமுக்கிப் பிடிக்கணும். விட்டா தானா வெளியே தள்ளும், ஃபிட்டிங் உள்வாய் சரிவு அப்படி. சுத்தி ஒரே சீரா பசை வளையம் தெரிஞ்சா ஒட்டு நல்லாயிருக்குன்னு அர்த்தம்.

ஒட்டின அன்னிக்கே அந்த எல்போவுல நிப்பிளையோ டம்மியையோ (வாயை மூடுற அடைப்பான்) ரெஞ்ச் வெச்சு முறுக்கக் கூடாது. ஒரு நாள் போகட்டும். டெஃப்லான் டேப் மட்டும், மரை ஏறுற திசையில 6, 8 சுற்று. கையால போற வரைக்கும் விட்டு, அதுக்கு மேல ஒண்ணு ஒன்றரை சுற்று ஸ்பேனர். இன்னொரு ஸ்பேனரால அந்த ஆறு பட்டையைப் பிடிச்சுக்கணும். நீள நிப்பிளை மாட்டி ரசமட்டம் பார்க்கிறது நல்ல பழக்கம்தான். அதையே நெம்புகோலா வெச்சு எல்போவைத் திருப்புறதுதான் கெட்ட பழக்கம்.

அப்புறம் ஆழம். எல்போவோட வாய் டைல்ஸ் மட்டத்துக்கு வரணும். பூச்சு 12 மி.மீ., ஒட்டுற கலவை, டைல்ஸ் 8 மி.மீ., எல்லாம் சேர்ந்து செங்கல்லுல இருந்து 25, 30 மி.மீ. வெளியே. பூச்சுக்கு முன்னாடியே மேஸ்திரியை பூச்சு மட்டத்துக்குப் புள்ளி வைக்கச் சொல்லி அதுக்கு நூல் பிடிச்சு எல்போ வைங்க. உள்ளே புதைஞ்சுட்டா எக்ஸ்டென்ஷன் நிப்பிள் போட வேண்டி வரும். அது சுவருக்குள்ள இன்னொரு மரை ஜாயிண்ட், அதுவும் டைல்ஸுக்குப் பின்னாடி. பாத்ரூம் கசிவுன்னு கூப்பிட்டா நான் முதல்ல கழட்டிப் பார்க்கிறது அதைத்தான். வால் மிக்ஸருக்கு ரெண்டு வாய்க்கும் நடுவுல 150 மி.மீ.; தனித்தனி எல்போ வைக்காம ரெண்டும் சேர்ந்து வர்ற பித்தளை செட்டை வாங்கிருங்க.

---

ஜி_ஐ_ரசிகன்:

எல்லாரும் ஜி.ஐ.யைக் கழட்டி வீசிட்டீங்க. மேஸ்திரி சொல்றதுலயும் நியாயம் இருக்கு. ஆணி அடிச்சா தாங்கும், குரங்கு தொங்கினாலும் தாங்கும், சூடு ஒண்ணும் பண்ணாது. பழைய வீடுகள்ல 30 வருஷம் ஓடலையா?

---

சைட்_இன்ஜினியர்_கோவை:

ஓடியிருக்கு. அந்தக் காலத்து பைப் கனமும் வேற, பெரும்பாலும் தண்ணியும் வேற. ஜி.ஐ. பலவீனம் பைப்போட நடுவுல இல்ல, மரையில. ஐ.எஸ். 1239 (இந்தியத் தர நிர்ணயம்) படி அரை இஞ்ச் பைப்ல மஞ்சள் பட்டை போட்ட ஏ கிளாஸ் சுவர் கனம் 2.0 மி.மீ., நீலப் பட்டை பி கிளாஸ் 2.6, சிவப்புப் பட்டை சி கிளாஸ் 3.2. அரை இஞ்ச் மரையோட ஆழம் 1.16 மி.மீ. டை போட்டு மரை வெட்டின இடத்துல ஏ கிளாஸ்ல மிஞ்சுறது 0.84 மி.மீ. அந்த இடத்துல துத்தநாகப் பூச்சும் சேர்ந்து போயிருக்கும், வெறும் இரும்பு. 620 குளோரைடு தண்ணியில அந்த முனைதான் முதல்ல போகும். சுடுதண்ணி லைன்ல இன்னும் மோசம்: 60 டிகிரிக்கு மேல சில தண்ணியில துத்தநாகம் இரும்பைக் காக்கிற குணத்தையே இழந்துடும்.

ஆனா ஜி.ஐ. வேண்டிய இடம் ஒண்ணு உங்க வீட்டுல இருக்கு. சம்ப்ல இருந்து மாடிக்கு ஏத்துற மோட்டார் வாய். மோட்டார் தண்ணியில்லாம ஓடினா உள்ளே இருக்கிற கொஞ்சத் தண்ணி கொதிச்சு, வாயில மாட்டின பிளாஸ்டிக் மரை இளகி உருமாறிடும். பிறகு காத்து இழுக்கும், பிரைமிங் (மோட்டாருக்குள்ள நிரப்பின தண்ணி) நிக்காது. உறிஞ்சு பைப் அடியில இருக்கிற ஃபுட் வால்வைக் கழட்டிக் கழட்டி மாத்திட்டு இருப்பாங்க. மோட்டாரோட ரெண்டு வாயிலும் ஓரடி ஜி.ஐ. பி கிளாஸ் நிப்பிள், ஒரு யூனியன் (கழட்டி மாட்டுற இணைப்பு), அதுக்கப்புறம் யு.பி.வி.சி. இது வெளியே கண் முன்னாடி இருக்கு, துருப்பிடிச்சா அரை மணியில மாத்திடலாம். சுவருக்குள்ள போறதுக்கும் வெளியே நிக்கிறதுக்கும் ஒரே அளவுகோல் வைக்கக் கூடாது.

---

உப்புத்தண்ணி:

நீர் சுத்திகரிப்பு வேலையில இருக்கேன். உங்க லேப் ரிப்போர்ட்டை வெச்சு உலோகத்தைப் பத்தி மட்டும் சொல்றேன்.

குடிநீருக்கான ஐ.எஸ். 10500ல குளோரைடு 250 வரைக்கும் ஏற்கத்தக்கது, வேற வழியில்லைன்னா 1,000 வரைக்கும். நீங்க நடுவுல இருக்கீங்க. குடிக்கிறதை விடுங்க, உலோகத்துக்கு இது நல்ல தண்ணி இல்ல. சாதாரணப் பித்தளையில இருக்கிற துத்தநாகத்தை இந்தத் தண்ணி மெதுவா கரைச்சு எடுத்துடும். மிஞ்சுறது பஞ்சு மாதிரி ஓட்டை விழுந்த செம்பு. வெளியே பார்த்தா குழாயோட மரை ஓரத்துல வெள்ளைப் பொடி பூத்திருக்கும், திருப்பினா மரை கையோட உடைஞ்சு வரும். இதுக்குன்னு துத்தநாகம் கரையாத ரகப் பித்தளை இருக்கு, கடையில டி.இசட்.ஆர். பித்தளைன்னு கேளுங்க. 22 முனைக்கும் கிடைக்கலைன்னாலும் சுடுதண்ணி முனைக்காவது தேடுங்க. சூடு கூடக் கூட இந்த அரிப்பு வேகமாகும்.

பித்தளை எல்போவுல ஜி.ஐ. நிப்பிளை நேரா மாட்டாதீங்க. ரெண்டு உலோகம் சேர்ந்து உப்புத்தண்ணியில நனைஞ்சா ஜி.ஐ. பலியாகும். கீசர் பாயின்ட்ல இது சர்வ சாதாரணம்: பித்தளை முனை, ஜி.ஐ. நிப்பிள், அதுக்கு மேல பித்தளை ஆங்கிள் காக். நடுவுல மாட்டிக்கிட்ட நிப்பிள் மரையில கரைஞ்சு, கழட்டப் போறப்ப பாதி உள்ளேயே நின்னுடும். பித்தளைக்குப் பித்தளை நிப்பிள்தான்.

ஸ்டெயின்லெஸ் கம்பி பின்னின கனெக்ஷன் ஹோஸ் எல்லாம் பெரும்பாலும் 304 ரகம். 304க்கு குளோரைடு 200 தாண்டினாலே கஷ்டம்னு ஒரு பொதுக் கணக்கு உண்டு. ஹோஸ்ல தண்ணி உள்ளே ரப்பர்லதான் ஓடுது, அதனால உள்பக்கம் பிரச்சினை இல்ல. வெளிப்பக்கம் பாத்ரூம் ஆசிட் ஊத்திக் கழுவுறப்ப வர்ற புகைதான் கம்பியைத் தின்னும். ஆசிட் ஊத்துற வீடா இருந்தா அந்த ஹோஸை தேய்மானப் பொருள்னே வெச்சுக்கோங்க. கம்பியில பழுப்புப் புள்ளி தெரிஞ்ச உடனே மாத்துங்க. நட்டும் பித்தளையான்னு பாருங்க, கலவை நட்டு ஒரு நாள் ராத்திரி விண்டுடும்.

மொட்டை மாடிக் குழாய், தோட்டக் குழாய், வாஷிங் மெஷின் குழாய் இதுக்கெல்லாம் பளபளக்கிற குரோம் பித்தளையே வேண்டாம். பி.டி.எம்.டி. பிளாஸ்டிக் குழாய் போடுங்க. உப்பு படியும், அரிக்காது. உப்புத்தண்ணி ஏரியாவுல அதுதான் புத்திசாலித்தனம், அழகு கொஞ்சம் குறைச்சல்.

---

புதுவீடு_மேடவாக்கம்:

எல்லாருக்கும் நன்றி. ரெண்டு சந்தேகம். தரைத்தள பாத்ரூம்ல பிளம்பர் ஏற்கெனவே பிளாஸ்டிக் மரை முனைகளை ஒட்டிட்டார். லைன் சி.பி.வி.சி.தான், மஞ்சள் பசைதான் போட்டிருக்கார். எல்லாத்தையும் பிடுங்கணுமா? சோலார் லைனுக்கும் இதே சி.பி.வி.சி. போதுமா?

---

பைப்லைன்_மதுரை:

எல்லாத்தையும் பிடுங்க வேணாம். மரை முனைக்கு அரை அடி முன்னாடி பைப்பை வெட்டி எடுங்க. வெட்டின இடத்துல ஒரு கப்ளர், புதுத் துண்டு பைப், பித்தளை எல்போ. 9 முனைக்கு 9 கப்ளர். கப்ளருக்கும் எல்போவுக்கும் நடுவுல குறைஞ்சது ரெண்டு இஞ்ச் பைப் இருந்தா ஒட்டுறப்ப திருப்ப இடம் இருக்கும். ஒட்டின ஃபிட்டிங்கை சூடு காட்டி உருவி மறுபடி உபயோகிக்கலாம்னு யாராவது சொன்னா கேக்காதீங்க. வாய் உருமாறியிருக்கும், பசை பிடிக்காது.

வேலை நடக்கும்போதே இன்னொண்ணையும் பார்த்துக்கிடுங்க. பழைய ஆளுக மரைக்கு நூல் சுத்தி பெயின்ட் தடவுவாய்ங்க. ஜி.ஐ.க்கு சரி. சி.பி.வி.சி. பக்கத்துல அந்த எண்ணெய் பெயின்ட்டே வரக் கூடாது, பிளாஸ்டிக்கை உள்ளுக்குள்ள வெடிக்க வெச்சிரும். கரையான் மருந்து அடிக்கிறவங்களும் காடிக்குள்ள அடிச்சுறாம பார்த்துக்கிடுங்க.

---

சோலார்_மாடி:

சோலாருக்கு இதே சி.பி.வி.சி. போதாது. குறைஞ்சபட்சம் முதல் சில மீட்டருக்குப் போதாது.

குழாய் ரக சோலார்ல வெப்பத்தைக் கட் பண்ண தெர்மோஸ்டாட் கிடையாது. ஏப்ரல், மே மாசத்துல ரெண்டு நாள் யாரும் தண்ணி எடுக்கலைன்னா தொட்டி கொதிநிலைக்குப் பக்கத்துல போயிடும், வென்ட் பைப்ல ஆவி வர்றதைப் பார்க்கலாம். சி.பி.வி.சி.க்கு 82 டிகிரியில கொடுத்திருக்கிற அழுத்தக் கணக்கு, அதுக்கு மேல செல்லாது. மூணாவது நாள் வால்வைத் திறந்தா அந்தச் சூடு முழுக்க முதல் எல்போவுல இறங்கும்.

அதனால சோலார் தொட்டி வாயில இருந்து மாடியில ஓடுற தூரம் முழுக்க, நடுவுல அலுமினியம் வெச்ச காம்போசிட் பைப் போடுங்க. பெக்ஸ்-அலுமினியம்-பெக்ஸ் ரகமான்னு (பெக்ஸ்னா சூடு தாங்குற பாலிஎத்திலீன்) அச்சைப் பாருங்க, வெறும் பி.இ. (சாதா பாலிஎத்திலீன்) ரகம் பச்சைத் தண்ணிக்கு. இந்தத் தண்ணிக்கு ஜி.ஐ. சொல்லமாட்டேன், சுடுதண்ணியில கடினத்தன்மை 540னா உள்ளே சுண்ணாம்பும் துருவும் சேர்ந்து துவாரம் சுருங்கிடும். காம்போசிட்டுக்கு வர்றது பித்தளை இறுக்கு ஃபிட்டிங். அதுல ரெண்டு ஓ-ரிங் (ரப்பர் வளையம்) இருக்கும். பைப் முனையை ரீமர் விட்டு வட்டமாக்காம, உள் ஓரத்தையும் சரிக்காம அப்படியே குத்திச் செருகினா ஓ-ரிங் வெட்டுப்படும். வெளியே நட்டு எவ்வளவு இறுக்கினாலும் நிக்காது. மாடியில காம்போசிட் கசிவுக்குக் காரணம் தேடினா பெரும்பாலும் இதுதான்.

கீழே இறங்குற இடத்துல ஒரு டெம்பரிங் வால்வ் வெச்சு பச்சைத் தண்ணி கலந்து 55, 60 டிகிரிக்கு இறக்கிட்டு, அங்கிருந்து சி.பி.வி.சி.யில சேருங்க. வீட்டுல குழந்தைங்க இருந்தா இது பைப்புக்காக மட்டும் இல்ல.

நீளுறதையும் கணக்குல எடுங்க. சி.பி.வி.சி. மீட்டருக்கு, டிகிரிக்கு 0.06 மி.மீ. பக்கம் நீளும். 5 மீட்டர் நேர் ஓட்டத்துல 40 டிகிரி ஏறினா 12 மி.மீ. இதே தூரத்துக்கு இரும்பு 2.4 மி.மீ.தான். கிளாம்ப் 3 அடிக்கு ஒண்ணு வைங்க, ஆனா பைப் உள்ளே வழுக்கணும், நெரிக்கக் கூடாது. நீள ஓட்டத்துல ஒரு இடத்துல வளைச்சுத் திருப்பி விடுங்க. ரெண்டு பக்கமும் சிமென்ட்ல இறுக்கிட்டா அந்த 12 மி.மீ. முழுக்க எல்போ மேல விழும். வெயில் படுற சி.பி.வி.சி., யு.பி.வி.சி. எல்லாத்துக்கும் தண்ணியில கரையிற எமல்ஷன் பெயின்ட் ரெண்டு கோட். எனாமல் பெயின்ட் அடிச்சுடாதீங்க.

---

புதுவீடு_மேடவாக்கம்:

தரைத்தளம் மாத்தியாச்சு. ஆறு பட்டை ரகம்தான் கிடைச்சுது. டெஸ்ட் எப்படிப் பண்ணணும்? பிளம்பர் தொட்டியை நிரப்பி ஒரு ராத்திரி விட்டா போதும்கிறார். இன்னொருத்தர் கம்ப்ரஸர் வெச்சு காத்து அடிக்கலாம்கிறார்.

---

சைட்_இன்ஜினியர்_கோவை:

தொட்டியை நிரப்பி விட்டா உங்க வீட்டுக்குக் கிடைக்கிறது 0.7 பார். அந்த அழுத்தத்துல அரைகுறையா ஒட்டின ஜாயிண்ட்கூட பாஸாயிடும். காத்து அடிக்கிறது அதைவிட மோசம்: பிளாஸ்டிக் லைன்ல காத்தை அமுக்கி வெச்சு ஒரு ஜாயிண்ட் விட்டா துண்டு தெறிக்கும், ஆள் மேல படும். தண்ணிதான்.

கையால அடிக்கிற டெஸ்ட் பம்ப் வாடகைக்குக் கிடைக்கும். கடைசி ஒட்டு போட்டு 24 மணி நேரம் கழியட்டும். கீசர், மிக்ஸர், ஃபிளஷ் டேங்க் எதுவும் லைன்ல இருக்கக் கூடாது. எல்லா முனையிலும் டம்மி. சுடுதண்ணி லைனையும் பச்சைத் தண்ணி லைனையும் ஒரு ஹோஸால இணைச்சுட்டா ஒரே தடவையில முடியும். கீழ்முனையில இருந்து மெதுவா தண்ணி ஏத்தி, மேல்முனை டம்மியைத் தளர்த்தி காத்து முழுக்க வெளியேறி தண்ணி வர்ற வரைக்கும் விடுங்க. காத்து உள்ளே நின்னா கேஜ் (அழுத்தம் காட்டுற மீட்டர்) முள் ஆடிட்டே இருக்கும், ஒண்ணும் புரியாது. பிறகு 10 பார் ஏத்தி 1 மணி நேரம்.

டெஸ்ட் முடிஞ்சாலும் தண்ணியை இறக்காதீங்க. 3, 4 பார்ல அப்படியே வெச்சு, பூச்சு, டைல்ஸ் நடக்கிற வரைக்கும் கேஜ் மாட்டியே இருக்கட்டும். யாராவது ஆணி அடிச்சா, டிரில் போட்டா அன்னிக்கே முள் விழுந்து காட்டிக் கொடுக்கும்.

---

புதுவீடு_மேடவாக்கம்:

இன்னிக்கு 10 பார் ஏத்தினோம். இருபது நிமிஷத்துல 9.6 ஆயிடுச்சு. எங்கேயும் ஈரம் தெரியல. பிளம்பர் கேஜ் கோளாறுங்கிறார்.

---

பைப்லைன்_மதுரை:

பதறாதீங்க, புது பிளாஸ்டிக் லைன்ல முதல்ல கொஞ்சம் இறங்கும். பைப் லேசா விரிஞ்சு கொடுக்குது. மறுபடி 10க்கு ஏத்தி, அப்பயிருந்து மணியைக் கணக்கு வைங்க. ரெண்டாவது தடவை நின்னுடணும்.

மறுபடியும் அதே வேகத்துல இறங்குச்சுன்னா எல்போவைச் சந்தேகப்படாதீங்க, முதல்ல டம்மிகளை ஒவ்வொண்ணா காஞ்ச துணியால துடைச்சு, டிஷ்யூ பேப்பர் சுத்தி வைங்க. அஞ்சு நிமிஷத்துல எது நனையுதுன்னு தெரிஞ்சுரும். அடுத்து பம்ப்போட ஹோஸ் மாட்டுன இடம், பம்ப்போட சொந்த வால்வ். அதுவும் சரின்னா கீழ்த்தளத்தையும் மாடியையும் பால் வால்வ்ல பிரிச்சு தனித்தனியா ஏத்திப் பாருங்க. அதுக்கு முன்னாடி பூச்சுக்காரரை உள்ளே விடாதீங்க.